நீலகிரி மண்ணில் இரும்பும் மாங்கனீசும்: சரிபாதி நிரம்பிய ஆர்பிட்டால் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் மலையை வெட்டிய இடங்களில் மண்ணின் அடுக்குகள் நன்றாகத் தெரியும். மேலே கறுத்த மக்கு மண், அதற்குக் கீழே ஆள் உயரத்துக்கும் அதிகமாகச் செம்மண். அந்தச் சிவப்புக்குக் காரணம் இரும்பு. மூன்று எலக்ட்ரான்களை இழந்து, 3+ அயனியாக ஆக்சிஜனோடு பிணைந்து கிடக்கும் இரும்பு. அதே சரிவில் நிற்கும் தேயிலைச் செடி மண்ணிலிருந்து தாராளமாக எடுத்துச் சேர்ப்பது மாங்கனீசை, அதுவும் இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் இழந்த 2+ அயனியாக. காய்ந்த தேயிலைத் தூளில் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் மாங்கனீசு இருப்பது சாதாரணம். முதிர்ந்த இலைகளில் அது ஆயிரத்தையும் தாண்டும்.

இந்த இரண்டு அயனிகளின் எலக்ட்ரான் அமைப்பும் ஒன்றேதான். இரும்பின் 26 எலக்ட்ரான்களில் மூன்று போனால் 23. மாங்கனீசின் 25-இல் இரண்டு போனால் அதே 23. உள்ளே ஆர்கானின் 18, வெளியே 3டி ஆர்பிட்டால்கள் (தலா இரண்டு எலக்ட்ரான்கள் வரை தங்கக்கூடிய இடங்கள்) ஐந்திலும் ஆளுக்கொன்றாக ஐந்து. பிளஸ் டூவில் இடைநிலைத் தனிமங்கள் பாடத்தைப் படித்த எவரும் இதற்கான வாக்கியத்தை உடனே சொல்லிவிடுவார்கள்: "சரிபாதி நிரம்பிய ஆர்பிட்டால், ஆகவே நிலைப்புத்தன்மை அதிகம்." சரி, இரண்டுக்கும் ஒரே நிலைப்புத்தன்மை என்றால் ஒன்று ஏன் மண்ணைவிட்டு அசையாமல் கிடக்கிறது, மற்றது ஏன் கரைந்து வேருக்குள் ஏறுகிறது?

அந்த வாக்கியம் தவறு என்று நான் சொல்லவில்லை. அது பாதியில் நிற்கிறது. எதைவிட நிலையானது, எந்தச் சூழலில் நிலையானது என்ற இரண்டு கேள்விகளும் சேராமல் ஓர் அயனியை நிலையானது என்று சொல்வதில் பொருளே இல்லை. இதை மாணவர்கள் மனதில் பதிய வைக்காமல் விடுவதுதான் இந்தப் பாடத்தின் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

முதலில் எலக்ட்ரான் எங்கிருந்து போகிறது என்று பார்த்துவிடலாம். பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 3டி-க்கு முன்பாக 4எஸ் என்ற வெளி ஆர்பிட்டால் நிரம்புகிறது. ஸ்கேண்டியத்திலிருந்து அணுக்கருவின் மின்சுமை கூடக் கூட 3டி உள்ளே இழுக்கப்பட்டு ஆற்றலில் கீழே போய்விடுகிறது. அதனால் அயனியாகும்போது 4எஸ் எலக்ட்ரான்கள்தான் முதலில் வெளியேறும். இரும்பில் அந்த இரண்டும் போனால் மிச்சம் 3டி-யில் ஆறு, மாங்கனீசில் ஐந்து. இந்தக் கட்டுரையின் கதை முழுவதும் மூன்றாவது எலக்ட்ரானைப் பற்றியது.

அந்த மூன்றாவது எலக்ட்ரானைப் பிடுங்க மாங்கனீசுக்கு மோலுக்கு 3248 கிலோஜூல் வேண்டும். அடுத்த தனிமமான இரும்புக்கு 2957 போதும். அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடியிருக்கிறது, ஆகவே செலவு கூட வேண்டும். ஆனால் ஏறத்தாழ 290 குறைகிறது. இதற்கு விளக்கம் பரிமாற்ற ஆற்றல். ஒரே திசைச் சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் இயல்பாகவே ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். அதனால் அவற்றுக்கிடையிலான மின்விலக்கம் குறைகிறது. அப்படிப்பட்ட ஒவ்வொரு சோடியும் ஓர் ஆற்றல் லாபம். நான்கு எலக்ட்ரான்கள் ஒரே திசையில் இருந்தால் 6 சோடிகள், ஐந்து இருந்தால் 10. ஆறாவது எலக்ட்ரான் எதிர்த்திசையில்தான் வந்து சேர முடியும் என்பதால் அது புதுச் சோடி எதையும் தருவதில்லை, 10 அப்படியே 10-தான். ஆக, மாங்கனீசு 2+ அயனி ஓர் எலக்ட்ரானை இழந்தால் நான்கு சோடிகளின் லாபம் போகிறது. இரும்பு 2+ இழந்தால் ஒரு சோடியும் போவதில்லை. கூடவே, ஒரே ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் நெருங்கிக் கிடந்த தொல்லையும் தீர்கிறது.

இங்கே இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாடநூல் அட்டவணையிலேயே இருக்கும், ஆனால் யாரும் அதை நிறுத்திக் காட்டுவதில்லை. கோபால்ட்டின் மூன்றாவது அயனியாக்கும் ஆற்றல், அதாவது மூன்றாவது எலக்ட்ரானைப் பிடுங்கும் செலவு, 3232. மாங்கனீசுக்குக் கிட்டத்தட்ட சமம். கோபால்ட் 2+ அயனியில் 3டி எலக்ட்ரான்கள் ஏழு. சரிபாதியும் இல்லை, முழுமையும் இல்லை. அப்படியிருந்தும் அதன் எலக்ட்ரானைப் பிடுங்குவது மாங்கனீசிடம் பிடுங்குவதைப் போலவே கடினம். வனேடியம் 2828, குரோமியம் 2987, மாங்கனீசு 3248 என்று ஏறி, இரும்பில் 2957-ஆகச் சரிந்து, கோபால்ட்டில் மறுபடி ஏறுகிறது. ஐந்து என்பது தனிச்சிறப்பான உச்சி அல்ல. சீராக ஏறும் கோடு ஒரு முறை அறுந்து மறுபடி தொடங்கும் இடம், அவ்வளவுதான்.

இந்த எண்கள் எல்லாம் வெற்றிடத்தில் தன்னந்தனியாக இருக்கும் அயனிகளுக்கானவை. அப்படிப்பட்ட அயனிகள் உண்மையிலேயே எங்கே இருக்கின்றன என்று கேட்டால், விடைக்குப் பழனி மலைப் பக்கம் போகலாம். கொடைக்கானலில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தில் 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்து, அங்கே வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். சூரிய நிறமாலை முழுக்க இரும்பின் கோடுகள் நிறைந்தது. சூரியனின் வெளிவளையமான கொரோனாவில் நிலைமை இன்னும் தீவிரம். 1869 சூரிய கிரகணத்தின்போது அங்கே ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. புதுத் தனிமம் ஒன்று என்றே பலர் நம்பினார்கள். ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்து குரோட்ரியான், எட்லேன் என்ற இயற்பியலாளர்கள் இருவரின் ஆய்வுகளால் அது இரும்பு என்று தெளிவானது, 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. பத்து லட்சம் டிகிரிக்கும் மேற்பட்ட அந்தச் சூட்டில் 13+ இயல்பான நிலை. 3டி எலக்ட்ரான்கள் ஒன்றுகூட அங்கே மிச்சமில்லை. அந்த இடத்தில் சரிபாதியைப் பற்றிப் பேச ஒன்றுமே இல்லை.

நம் மண்ணில் சூழல் வேறு. இங்கே அயனிகளைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது. ஒவ்வொரு அயனியையும் பொதுவாக ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகி வடிவில் சூழ்கின்றன. அவற்றின் ஆக்சிஜன் முனைகள் அயனியை நோக்கித் திரும்பும்போது வெளியாகும் நீரேற்ற ஆற்றல் சிறியதல்ல. 2+ அயனிக்கு மோலுக்கு 1900 கிலோஜூல் வாக்கில் கிடைத்தால், 3+ அயனிக்கு 4400-க்கும் மேல் கிடைக்கிறது. மூன்றாவது எலக்ட்ரானைப் பிடுங்கிய செலவின் பெரும்பகுதியைத் தண்ணீரே ஈடுகட்டிவிடுகிறது.

தண்ணீர் எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பதும் இல்லை. குரோமியத்தையும் இரும்பையும் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவது எலக்ட்ரானுக்கான செலவு 2987, 2957 என்று ஏறத்தாழ ஒன்றே. ஆனால் நீரில் 3+ அயனி 2+ ஆக ஒடுங்குவதற்கான திட்ட மின்னழுத்தம் இரும்புக்கு +0.77 வோல்ட், குரோமியத்துக்கு −0.41 வோல்ட். இந்த எண் கூடக் கூட 3+ அயனிக்கு எலக்ட்ரான் பசி அதிகம் என்று பொருள். ஏறத்தாழ 1.2 வோல்ட் இடைவெளி. குரோமியம் 2+ காற்றைப் பார்த்ததும் எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுத்துவிடும். காரணம் ஆறு நீர் மூலக்கூறுகளின் மின்புலம். அது ஐந்து 3டி ஆர்பிட்டால்களை மூன்று கீழ், இரண்டு மேல் என்று பிரித்துவிடுகிறது. குரோமியம் 3+ அயனியின் மூன்று எலக்ட்ரான்களும் கீழ்மட்டம் மூன்றில் ஒவ்வொன்றாக அமர்ந்து முழு லாபத்தையும் எடுத்துக்கொள்கின்றன. ஐந்து எலக்ட்ரான்கள் கொண்ட அயனியிலோ மூன்று கீழே, இரண்டு மேலே. கீழே கிடைத்த லாபம் மேலே போன நட்டத்தில் சரியாகக் கழிந்து பூச்சியம். அதாவது பாடநூல் கொண்டாடும் சரிபாதி அமைப்புக்கு இந்த வகையில் தண்ணீர் ஒரு பைசாகூட உபரியாகத் தருவதில்லை.

குரோமியம் 3+ அயனியின் பிடிப்பு எவ்வளவு என்றால், அதன் நீர் மூலக்கூறு ஒன்று விலகி இன்னொன்று வர நாள்கணக்கில் ஆகும். செம்பு 2+ அயனியில் அதே மாற்றம் நானோநொடியில் முடிந்துவிடும்.

மாங்கனீசுக்கு மறுபடி வருவோம். அதன் 3+ அயனியில் நான்கு எலக்ட்ரான்கள். ஆகவே நீரேற்றத்தில் அதற்கு இரும்பு 3+ அயனியைவிடக் கூடுதல் லாபம் உண்டு. அதனால் வாயு நிலையில் 290 கிலோஜூல், அதாவது ஏறத்தாழ 3 வோல்ட்டாக இருந்த மாங்கனீசு–இரும்பு இடைவெளி, நீரில் முக்கால் வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. மாங்கனீசு +1.51, இரும்பு +0.77. சுருங்கினாலும் அந்த இடைவெளி போதும். ஏனென்றால் ஆக்சிஜன் நீராக ஒடுங்கும் மின்னழுத்தம் +1.23 வோல்ட், சரியாக இரண்டுக்கும் நடுவில். காற்றிலுள்ள ஆக்சிஜனால் இரும்பு 2+ அயனியிடமிருந்து எலக்ட்ரானை எடுக்க முடியும், மாங்கனீசு 2+ அயனியிடமிருந்து எடுத்து அதை 3+ ஆக்க முடியாது. நீலகிரி மண்ணின் வேதியியலில் பாதி இந்த மூன்று எண்களின் வரிசையில் அடங்கிவிடுகிறது.

மலையின் அடிப்படைப் பாறை சார்னோகைட். சென்னைப் பரங்கிமலையில் இருப்பதும் இதே வகைதான். புதிதாக உடைத்த துண்டு கரும்பச்சை சாயலில் இருக்கும். அதன் பைராக்சீன் கனிமங்களில் உள்ள இரும்பு 2+ நிலையில் இருக்கிறது. காற்றும் மழையும் பட்ட பாறையின் ஓரம் பழுப்பாகும், அப்புறம் சிவந்து உதிரும். சிலிக்காவும் கால்சியமும் மக்னீசியமும் பல்லாயிரம் ஆண்டு மழையில் கழுவிப் போக, 3+ ஆகிப்போன இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கிவிட்டன. அதுதான் சாலை வெட்டில் நாம் பார்க்கும் செம்மண்.

இதே கதை எதிர்த்திசையில் நடக்கும் இடமும் இங்கேயே உண்டு. சோலைக் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே பள்ளங்களில் இருக்கும் சதுப்பு நிலங்களில் நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்துபோனதும், மண்ணின் நுண்ணுயிர்கள் இரும்பு 3+ அயனியிடம் எலக்ட்ரானைக் கொடுத்து வாழ்கின்றன. சிவப்பு மறைந்து மண் சாம்பல் நிறமாகிறது. கரைந்த 2+ இரும்பு தெளிந்த ஊற்று நீரில் கலந்து வெளியே வருகிறது. காற்றுப் பட்ட சிறிது நேரத்திலேயே துருநிறப் படிவு இறங்குகிறது. ஒரே இரும்பு, பள்ளத்தில் ஆறு எலக்ட்ரான், மேட்டில் ஐந்து. எது நிலையானது என்பதை ஆக்சிஜன் இருப்பதும் இல்லாததும் தீர்மானிக்கிறது.

அடுத்து கரைதிறன். இதற்கு எலக்ட்ரான் அமைப்பு பதில் சொல்லாது, மின்சுமைதான் சொல்லும். இரும்பு 3+ அயனியின் ஆரம் ஏறத்தாழ 65 பிக்கோமீட்டர், மாங்கனீசு 2+ அயனிக்கு 83. சிறிய உடலில் பெரிய மின்சுமை இருப்பதால் இரும்பு தன்னைச் சூழ்ந்த நீரின் ஆக்சிஜனை வலுவாக இழுத்து, அதிலிருந்து ஹைட்ரஜன் அயனியைக் கழற்றிவிடுகிறது. பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 2-ஐத் தாண்டினாலே அது தொடங்கிவிடும். மாங்கனீசு 2+ விஷயத்தில் அதற்குப் பிஎச் 10-க்கும் மேல் போக வேண்டும். தேயிலைக்கு உகந்த மண்ணின் பிஎச் 4.5 முதல் 5.5 வரை. அந்த அளவில் இரும்பு ஹைட்ராக்சைடாகவும் ஆக்சைடாகவும் இறுகிவிடுகிறது, மாங்கனீசு கரைசலில் உலவுகிறது. செம்மண்ணில் வேரூன்றிய செடிக்குச் சுற்றிலும் இரும்பு மலையாகக் கிடந்தும், அதை எடுக்க வேர்ப்பரப்பில் 3+ அயனியை 2+ ஆக ஒடுக்க வேண்டியிருக்கிறது. மாங்கனீசுக்கு அந்த வேலை இல்லை.

நிறமும் இதே வித்தியாசத்தைக் காட்டும். ஐந்து எலக்ட்ரான் அமைப்பில் 3டி ஆர்பிட்டால்களுக்குள் எலக்ட்ரான் தாவ வேண்டுமானால் சுழற்சித் திசை மாற வேண்டும். அது அரிதாகவே நடக்கும். அதனால்தான் மாங்கனீசு சல்பேட் தெரிந்தும் தெரியாத வெளிர் ரோஜா நிறம். அதே அமைப்புள்ள இரும்பு ஆக்சைடு மட்டும் ஏன் இவ்வளவு அழுத்தமான சிவப்பு? அதன் அடர்நிறத்தில் பெரும்பங்கு ஆக்சிஜனிலிருந்து இரும்புக்கு எலக்ட்ரான் தாவுவதால் வருகிறது. 3+ மின்சுமை இழுக்கும் இழுப்பில் அந்தத் தாவல் எளிதாகிறது.

மாங்கனீசைப் பற்றி ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். அது 3+ ஆவது கடினமே தவிர, 4+ ஆக டைஆக்சைடாகப் படிவது கடினமில்லை. பிஎச் உயர உயர அது இன்னும் சாத்தியமாகிறது. பிஎச் 5-இலேயே கணக்குப்படி ஆக்சிஜனால் அது முடியும். ஆனால் நுண்ணுயிர்களின் உதவியில்லாமல் அமில மண்ணில் அது மிக மெதுவாகவே நடக்கும். ஆற்றல் கணக்கு அனுமதிப்பது வேறு, வேகமாக நடப்பது வேறு. தோட்டங்களில் மண்ணின் அமிலம் மிகும்போது அதைக் குறைக்க டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைத் தூளைத் தூவுகிறார்கள். பிஎச் ஏறினால் செடிக்குக் கிடைக்கும் மாங்கனீசு குறைவதும் இதனால்தான்.

இலைக்குள் போன மாங்கனீசு அங்கே 2+ ஆகவே சும்மா இருப்பதில்லை. ஒளிச்சேர்க்கையில் நீரைப் பிளப்பது நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் கொண்ட ஒரு சிறு கொத்து. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அங்கே மாங்கனீசு 3+, 4+ நிலைகளில் மாறி மாறி இயங்குகிறது. நீரிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க அதைவிட எலக்ட்ரான் பசி மிகுந்த ஒன்று வேண்டும். மண் கரைசலில் 3+ மாங்கனீசைத் தங்கவிடாத அதே பசிதான் இங்கே பயன்படுகிறது. புரதமும் ஆக்சிஜன் பாலங்களும் சுற்றிப் பிடித்திருப்பதால் அந்த அயனிகள் சிதையாமல் நிற்கின்றன. எனக்கு இந்தப் பாடம் முழுவதிலும் மிகப் பிடித்த பகுதி இது.

இனி செம்பு. தேயிலைத் தோட்டக்காரர்களுக்குச் செம்பு பழக்கமான பொருள். கொப்புள நோய் என்ற பூஞ்சை நோய் 1946-இல் தென்னிந்தியத் தோட்டங்களுக்கு வந்ததிலிருந்து காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிப்பு நடக்கிறது. மயில்துத்தத்தையும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பையும் கலந்த போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி அதற்கும் மூத்தது. இவற்றிலெல்லாம் இருப்பது 2+ செம்பு, 3டி-யில் ஒன்பது எலக்ட்ரான்கள். 1+ செம்பிலோ முழுதாகப் பத்து. "முழுவதும் நிரம்பியது நிலையானது" என்ற விதிப்படி 1+ தான் ஜெயிக்க வேண்டும். நீரில் அது தோற்கிறது. இரண்டு செம்பு 1+ அயனிகள் சந்தித்தால் ஒன்று மற்றதற்கு எலக்ட்ரானைக் கொடுத்து, தான் 2+ ஆகி, மற்றதை உலோகமாக்கிவிடும். சமநிலை மாறிலி ஏறத்தாழ 10 லட்சம், அதாவது வினை பெரும்பாலும் அந்தப் பக்கமே போகும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்கச் செலவு 1958 கிலோஜூல். அதை வாங்கிக்கொண்ட அயனி அணுவாகும்போது 745 திரும்பக் கிடைக்கும், அந்த அணு உலோகத்தில் சேரும்போது இன்னொரு 338. மீதிச் செலவு 875. இப்போது தண்ணீரின் பங்கு: 2+ அயனிக்கு ஏறத்தாழ 2100 கிடைக்கிறது, ஆனால் இரண்டு 1+ அயனிகளைச் சூழ்ந்திருந்த நீரை விலக்கியதற்கு அயனிக்கு 590 வீதம் 1180 கழிகிறது. நிகர லாபம் 920. செலவைவிடச் சற்றே கூடுதல். முழு ஆர்பிட்டாலின் மதிப்பு 1958 என்ற எண்ணுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. அது உண்மையான மதிப்புதான், ஆனால் தண்ணீர் அதைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டது.

சூழலை மாற்றினால் முடிவும் மாறும். பள்ளி ஆய்வகத்தில் 2+ செம்புள்ள பெனடிக்ட் கரைசலைச் சர்க்கரையோடு சூடாக்கினால் வரும் செங்கல் நிற வீழ்படிவு 1+ செம்பின் ஆக்சைடு. மயில்துத்தக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு ஊற்றினாலும் 1+ செம்பே அயோடைடாக இறங்கும். தேயிலைத் தொழிற்சாலையில் தினமும் நடப்பது இன்னும் அழகானது. பசுந்தேயிலையை வாட்டி, நசுக்கும்போது இலையின் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி, கேட்டச்சின்கள் என்ற இலைச் சேர்மங்களோடு கலக்கிறது. அந்த நொதியின் மையத்தில் இரண்டு செம்பு அயனிகள், ஒவ்வொன்றையும் புரதத்தின் மூன்று ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் பிடித்திருக்கின்றன. 2+ நிலையில் அவை கேட்டச்சினிடம் ஆளுக்கோர் எலக்ட்ரானை வாங்கி 1+ ஆகின்றன, பிறகு அந்த எலக்ட்ரான்களை ஆக்சிஜனுக்குக் கொடுத்து மறுபடி 2+ ஆகின்றன. தண்ணீரில் சமாளிக்க முடியாத 1+ இங்கே சிதையாமல் நிற்கிறது, ஏனென்றால் இரண்டு நிலைகளுக்கும் ஒத்துப்போகும் பிடிப்பைப் புரதம் கொடுக்கிறது. பச்சை இலை செம்பு நிறமாகி, தியாஃப்ளேவின்கள் என்ற தேநீர் நிறமிகள் உருவாகி, உலர்த்தியின் சூட்டில் நொதி செயலிழக்கும்வரை இந்தக் கைமாற்றம் ஓயாமல் நடக்கிறது.

கோபால்ட்டிலும் இதே பாடம்தான். வெறும் நீரில் அதன் 3+ அயனி நீரையே ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். ஆறு நீருக்குப் பதில் ஆறு அம்மோனியா சூழ்ந்தால் பாட்டிலில் போட்டு வைக்கலாம். இவ்வகைச் சேர்மங்களை ஆராய்ந்துதான் ஆல்ஃபிரட் வெர்னர் அணைவு வேதியியலுக்கு அடித்தளமிட்டார், 1913-இல் நோபல் பரிசும் பெற்றார்.

துத்தநாகத்துக்கு மட்டும் இந்தத் தடுமாற்றம் எதுவும் இல்லை. அதன் 2+ அயனியில் 3டி பத்தும் நிறைந்திருக்கிறது. மூன்றாவது எலக்ட்ரானுக்கு 3833 கிலோஜூல் வேண்டும், அதை ஈடுகட்டும் நீரோ, அயனியைச் சூழ்ந்து பிணையும் வேறு ஈனியோ சாதாரண வேதியியலில் இல்லை. 3டி-க்குள் தாவ இடமில்லாததால் நிறமும் கிடையாது. தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் இலைவழித் தெளிப்பாகப் பயன்படும் ஜிங்க் சல்பேட் வெள்ளையாக இருப்பதற்கும், மயில்துத்தம் நீலமாக இருப்பதற்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் எலக்ட்ரான். தெளித்த துத்தநாகம் இலைக்குள் எந்த நொதியில் போய் உட்கார்ந்தாலும் 2+ ஆகவே இருந்து வேலை செய்யும். எலக்ட்ரானைக் கைமாற்றும் வேலைகளைச் செடி இரும்பிடமும் செம்பிடமும் மாங்கனீசிடமும் கொடுத்திருக்கிறது.